கிணற்றடியில் கிடக்கும் திரிகைக்கல்

எங்கள் வீட்டுக் கிணற்றடியில், கால் கழுவுவதற்கென்று பதித்திருக்கும் கற்களுக்கு நடுவே, வட்டமான கருங்கல் ஒன்று கிடக்கிறது. அதன் மையத்தில் பெருவிரல் நுழையுமளவுக்கு ஒரு குழி உண்டு. மாரி காலத்தில் அதில் நீர் தேங்கி நுளம்பு பெருகாதிருக்க அம்மா மண் வைத்து அடைத்துவிடுவார். கோடை வந்ததும் மண் உதிர்ந்து குழி மறுபடியும் தெரியும். சென்ற ஆடி மாதம் ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த மாமாவின் பேத்தி, அந்தக் கல்லில் நின்று காலைத் தேய்த்துக்கொண்டே, "அன்ரி, இந்தக் கல்லுக்கு ஏன் ஓட்டை?" என்று கேட்டாள். அது ஒரு திரிகையின் அடிக்கல் என்றும், அந்தக் குழியில் மரமுளை ஒன்று நின்றது என்றும், மேற்கல் உடைந்துபோய் வாழைப்பாத்தியின் ஓரத்தில் கிடக்கிறது என்றும் சொன்னேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குத்தான் போதவில்லை.

திரிதல் என்றால் சுழலுதல். சுழல்வதால் அது திரிகை. எங்கள் ஊர்ப் பேச்சில் திருகை. ஓர் ஒற்றெழுத்துக் கூடினால் திருக்கை என்று மீனாகிவிடும். பார்வைக்கு இரண்டு வட்டக் கற்கள், ஒரு முளை, ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். அடிக்கல் அசையாது, அதன் முகம் நடுவில் சற்றே உயர்ந்திருக்கும். மேற்கல்லின் அடிமுகம் அதற்கேற்பச் சற்றே குழிந்திருக்கும். நடுத்துளை வழியாகப் பிடிபிடியாகத் தானியத்தைப் போட்டுக்கொண்டு, விளிம்பருகே செருகிய கைப்பிடியைச் சுற்ற வேண்டும். நடுவில் கற்களுக்கிடையே இடைவெளி அதிகம் என்பதால் தானியம் அங்கே முதலில் உடைகிறது. உடைந்தது சுழற்சியில் வெளிப்புறமாகத் தள்ளப்பட்டு, இடைவெளி குறையக் குறைய நொறுங்கி, விளிம்பைச் சுற்றி மாவாக உதிர்கிறது. தானியத்தை உள்ளே எடுப்பது, அரைப்பது, வெளியே தள்ளுவது என்ற மூன்று வேலைகளையும் ஒரே சுழற்சியில் செய்துவிடுகிற இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் யாராயினும், அவரைப் பெரிய பொறியியலாளர் வரிசையில் வைக்கத் தயங்க மாட்டேன். அம்மியில் அரைப்பவர் கையால் வழித்து வழித்துச் செய்யும் வேலையை இங்கே கல்லே செய்துகொள்கிறது.

இப்படிச் சுழலும் கற்கள் மனிதரின் கைக்கு வந்து ஏறத்தாழ 2,500 ஆண்டுகள்தான் ஆகின்றன. ஐபீரியத் தீபகற்பத்தில் கி.மு. 5ஆம் நூற்றாண்டு அளவில் கிடைத்தவை மிகப் பழையவற்றுள் அடங்கும். அதற்கு முன்னர் நெடுங்காலம் கல்லை முன்னும் பின்னும் இழுத்துத்தான் அரைத்தார்கள். கலிலேயாக் கடற்கரையில் உள்ள ஒகாலோ என்ற இடத்தில், ஏறக்குறைய 23,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட குடியிருப்பில், காட்டு வாற்கோதுமையின் மாப்பொருள் துகள்கள் ஒட்டியிருந்த கல்லொன்று அகப்பட்டது. வயல் என்ற ஒன்று தோன்றுவதற்கு ஆயிரமாயிரம் ஆண்டுகள் முன்பே மாவு தோன்றிவிட்டது என்பதை அந்தக் கல் சொல்கிறது. உழவு முதலில், அரைப்புப் பின்னர் என்று பாடசாலையில் படித்த வரிசை பிழையானது.

இழுத்து அரைக்கும் கல்லைப் பற்றிப் பேசும்போது சிரியாவில் யூப்பிரட்டீஸ் ஆற்றங்கரையில் இருந்த அபு ஹுரெய்ரா என்ற தொல்லூரைச் சொல்லாமல் போக முடியாது. அணை கட்டி அந்த நிலம் நீரில் மூழ்குவதற்கு முன்னதாக, 1972இலும் 1973இலும் அங்கே அகழ்வு நடந்தது. அங்கு கிடைத்த எலும்புகளை ஆராய்ந்த தேயா மொலிசன், பெண்களின் எலும்புக்கூடுகளில் குறிப்பிட்ட சில தேய்மானங்கள் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார்: கால் பெருவிரல் மூட்டு சிதைந்திருந்தது, முழங்காலில் அழுத்தத்தின் வடு இருந்தது, இடுப்பருகே முதுகெலும்பு தேய்ந்திருந்தது. விரல்களை மடித்து ஊன்றி, முழந்தாளிட்டு, உடம்பின் பாரத்தை முன்னே தள்ளிப் பின்னே இழுத்து, நாள்தோறும் மணிக்கணக்காகத் தானியம் அரைத்ததால் வந்த கேடு அது. அவர்கள் எந்த மொழி பேசினார்கள், யாரை வணங்கினார்கள் என்பதற்கு எழுத்துச் சான்று இல்லை. அரைத்தார்கள் என்பதற்கு எலும்பே சான்றாக இருக்கிறது. அதை வாசித்த அன்று எனக்கு அம்மம்மாவின் வலது தோள் நினைவுக்கு வந்தது. கடைசிக் காலத்தில் அவரால் அந்தக் கையைத் தலைக்கு மேலே தூக்க முடியவில்லை. தலை வாரிவிடுவதற்கு நாங்கள்தான் வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கற்பாறையின்மேல் படிந்த நிலம். கிணறு வெட்டும்போது வெளிவரும் அந்தக் கல் மதில் கட்டவும் சுண்ணாம்பு நீற்றவும் உதவும். அரைப்பதற்கு உதவாது, மென்மையானது, தானே மாவாகிவிடும். ஆகவே அம்மி, ஆட்டுக்கல், திரிகை ஆகிய மூன்றும் குடாநாட்டுக்கு வெளியிலிருந்து வந்த கருங்கற்களே. ஒரு வீட்டில் கல் இருந்தது என்றால் அதை யாரோ வண்டியிலோ தோணியிலோ ஏற்றிக் கொண்டுவந்திருக்க வேண்டும். அதனாலேயே அவை பரம்பரைச் சொத்தாக இருந்தன. முகம் வழுவழுத்துப்போனால் தானியம் நசுங்காமல் வழுக்கும். அப்போது உளியால் கொத்திப் பொளிய வேண்டும். பொளிகிறவர் ஒழுங்கை ஒழுங்கையாகக் குரல் கொடுத்துக்கொண்டு வருவார், ஒரு காலைப்பொழுதில் கல்லின் முகமெங்கும் அம்மைத் தழும்பு போலச் சிறு குழிகளை இட்டுவிட்டுப் போவார். பொளிந்த கல்லில் முதலில் தவிட்டைப் போட்டு அரைத்து வெளியே கொட்டுவார்கள், கற்பொடி வாய்க்குள் போகாதிருக்க. எகிப்தியரின் பதப்படுத்திய உடல்களில் பற்கள் தேய்ந்து கிடப்பதற்கு அவர்களின் அப்பத்தில் கலந்த மணலும் கற்பொடியும் ஒரு காரணம் என்று ஆய்வாளர் கூறுவதை வாசித்தபோது, அந்த ஒரு பிடித் தவிட்டின் அருமை விளங்கிற்று.

திரிகையின் வரலாற்றைத் தேடி வாசிப்பவருக்கு ஒரு சிக்கல் விரைவில் தெரியவரும். மேற்கே எழுதப்பட்ட ஆலை வரலாறு முழுவதும் கோதுமையின் வரலாறு. கோதுமையை அரைத்தே ஆக வேண்டும். மாவாகாத கோதுமையால் அவர்களுக்குப் பெரிய பயனில்லை. நெல்லின் சங்கதி வேறு. நெல்லுக்குத் தேவை உமி நீங்குவது. அரிசி முழுதாக இருக்க வேண்டும், உடைந்தால் நட்டம். எனவே எங்கள் முதன்மைக் கருவி திரிகையன்று, உரலும் உலக்கையுமே. திரிகை இரண்டாம் வரிசைக்காரர்: உழுந்தும் பயறும் உடைக்க, ஆபிரிக்க மேட்டுநிலங்களிலிருந்து எப்போதோ இங்கு வந்து சேர்ந்த குரக்கனை (கேழ்வரகை) அரைக்க. பெரும்பாணாற்றுப்படையில் முல்லைநிலத்து வீடொன்றின் முற்றத்தில் யானையின் காலைப் போன்ற திரிமரம் பந்தலின் கீழ் நிற்கிறது. கல்லால் அன்றி மரத்தால் ஆன அந்தத் திரிகை வரகின் உமியைக் களைவதற்கானது. அரைக்காமல் உரிக்க வேண்டுமென்றால் மரமே போதும், கல் வேண்டியதில்லை என்ற நுட்பம் அன்றே தெரிந்திருக்கிறது.

உரலைச் சுற்றி எங்களிடம் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று ஒருநாள் எண்ணத் தொடங்கினேன். நெல்லைக் குற்றுவார்கள், மாவை இடிப்பார்கள், அரிசியைத் தீட்டுவார்கள். சுளகில் வீசித் தூசி போக்குவது புடைத்தல். மெல்ல எற்றிப் பிரிப்பது கொழித்தல். நொய்யையும் மாவையும் தெளிய எடுப்பது தெள்ளுதல். சுளகைப் பக்கவாட்டில் அசைத்துக் கல்லையும் அரிசியையும் ஒதுக்குவது நாவுதல். கழிந்து வருபவற்றுக்கும் உமி, தவிடு, குறுணல், நொய் என்று தனித்தனிப் பெயர். இன்று அம்மாவுக்கு இவையெல்லாம் தெரியும், எனக்குப் பாதி தெரியும், என் மகளுக்குச் சுளகு என்ற பொருளே படத்தில் பார்த்ததுதான். சொற்கள் போனதற்காக நான் வருந்துகிறேன். வேலை போனதற்காக வருந்தவில்லை.

சீனத்து அறிஞர் குவான் தான், கி.பி. 20 அளவில், இந்த வேலை எப்படி இலகுவானது என்று எழுதியிருக்கிறார். முதலில் உரலும் உலக்கையும் வந்தன. பின்னர் உடம்பின் முழுப் பாரத்தையும் காலால் மிதித்துச் செலுத்தும் சாய்வுலக்கை வந்து பயனைப் பத்து மடங்காக்கிற்று. அதன்பின் கழுதை, எருது, குதிரை ஆகியவற்றையும் ஓடும் நீரையும் பூட்டியபோது பயன் நூறு மடங்காயிற்று என்பது அவர் கணக்கு. ஆக, நெல்லுண்ணும் நாட்டிலும் நீர் உலக்கையைத் தூக்கியிருக்கிறது. எங்களிடம் நீராலை இல்லாததற்கு நெல் காரணமன்று, நீர் ஓட வேண்டும், அவ்வளவே.

அதே நூற்றாண்டுகளில் மேற்கிலும் நீர் கல்லைச் சுழற்றத் தொடங்கிவிட்டது. உரோமப் பொறியியலாளர் விற்றுறுவியசு, நீர்ச்சக்கரத்தின் நிமிர்ந்த சுழற்சியைப் பற்சக்கரங்களால் படுக்கைச் சுழற்சியாக மாற்றித் திரிகைக்கு ஊட்டும் முறையை கி.மு. 1ஆம் நூற்றாண்டில் விவரித்தார். தெசலோனிக்காவின் அந்திப்பாத்தர் என்ற கிரேக்கக் கவிஞர் இதைக் கண்டு மகிழ்ந்து, சேவல் கூவினாலும் எழும்ப வேண்டாம், உங்கள் கைவேலையை இனி நீர்த்தேவதைகள் பார்த்துக்கொள்ளும் என்று அரைக்கும் பெண்களுக்குச் சொல்லும் பாடலொன்றைப் பாடினார். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்த ஆண், பெண்களைத் தூங்கச் சொன்னதற்காகவே எனக்குப் பிடித்தமானவர். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ஆர்ல் நகருக்கு அருகே பார்பெகால் என்னும் இடத்துக் குன்றின் சரிவில், வாய்க்கால் நீரை மேலிருந்து கீழே படிப்படியாக விழவிட்டு, எட்டெட்டாக இரு வரிசையில் 16 சக்கரங்களை ஓட்டினார்கள். 1086இல் இங்கிலாந்தில் எடுத்த பெருங்கணக்கில் 5,000க்கும் மேற்பட்ட ஆலைகள் பதிவாயின. இந்தியாவில் இமயச் சரிவுகளில் ஓடைதோறும் கராட் என்ற சிறு நீர்த்திரிகைகள் சுழன்றன.

யாழ்ப்பாணத்தில் நீர் ஓடுவதில்லை. பெயருக்கு ஆறு என்று இருப்பது வழுக்கையாறு. மாரியில் சில வாரம் நடந்துவிட்டு மறைந்துவிடும். எங்கள் நீர் சுண்ணாம்புப் பாறைக்குள் நிலத்தின் கீழே நிற்கிறது. அதைத் துலாவில் ஏறி மிதித்து நாங்கள்தான் மேலே கொண்டுவர வேண்டியிருந்தது. எங்களுக்காக ஒரு கல்லைச் சுழற்றும் வலு அதற்கு இல்லை. காற்றுக்குப் பஞ்சமில்லையே என்று கேட்கலாம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்கள் பழமொழி. பாரசீகத்தின் கிழக்கே, சிஸ்தானிலும் அதன் அயலிலும், காற்று மெய்யாகவே கல்லைச் சுழற்றிற்று. நெடிய மண்சுவர்களுக்கு இடையே காற்றை ஒடுக்கி, நிமிர்ந்த அச்சில் கட்டிய பாய்களில் மோதவிட்டு, கீழே இருந்த திரிகையை ஓட்டினார்கள். நஷ்திபான் என்ற ஊரில் அத்தகைய ஆலைகள் இன்றும் நிற்கின்றன. எங்கள் சோளகம் அதற்குக் குறைந்ததன்று. இன்று பளையில் நிற்கும் காற்றாடிகள் அதைக்கொண்டு மின்சாரம் எடுக்கின்றன. ஆயினும் காற்றாலை கட்ட ஓர் ஊருக்குத் தினம் தினம் மலைபோல மாவு தேவைப்பட வேண்டும். நாங்கள் சோறு தின்பவர்கள். மாவு எங்களுக்குப் பிட்டுக்கும் இடியப்பத்துக்கும், அன்றன்று ஊறவைத்து இடிக்கும் இரண்டு மூன்று கொத்து. அதற்கு யாரும் ஆலை கட்ட மாட்டார்கள், வீட்டில் பெண்கள் இருக்கும்வரை.

மாடு என்னவாயிற்று என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். எள்ளாட்டும் செக்கில் மாட்டைப் பூட்டினோம். எண்ணெய் விற்பனைக்குரியது, செக்கு ஆணின் தொழில், அங்கே மாடு சுற்றியது. மா வீட்டுக்குரியது, அங்கே மாடு வரவில்லை. பொம்பெயி நகரில், கி.பி. 79இல் எரிமலைச் சாம்பல் மூடிய வெதுப்பகங்களில், இடை சிறுத்த கற்களைக் கழுதைகளும் அடிமைகளும் சுற்றியிருக்கிறார்கள். அங்கும் மாவு கடைச்சரக்கான பிறகுதான் விலங்கு வந்தது.

ஆலை பெருகினால் எல்லோருக்கும் நன்மை என்றும் சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தில் சென்ற் அல்பன்சு மடத்துக்குரிய ஊரில், மக்கள் மடத்தின் ஆலையில் கூலி கொடுத்துத்தான் அரைக்க வேண்டும் என்பது சட்டம். வீட்டில் திரிகை வைத்திருந்தவர்களிடமிருந்து 1330களில் மடத்தலைவர் கற்களைப் பறித்து, மடத்தின் கூடத்தில் தளமாகப் பதித்துவிட்டார். அந்தத் தலைவர் வோலிங்போர்ட்டு றிச்சாட், வானியற் கடிகாரம் செய்த பேரறிஞர். அறிவுக்கும் இரக்கத்துக்கும் தொடர்பில்லை போலும். 1381இல் குடியானவர் கிளர்ந்தபோது ஊரார் உள்ளே புகுந்து அந்தத் தளத்தைப் பெயர்த்துக் கற்துண்டுகளைப் பங்கிட்டுக்கொண்டு போனார்கள். எங்கள் கற்களை யாரும் பறிக்கவில்லை. கிணற்றடியில் நாங்களே பதித்துக்கொண்டோம்.

இந்த வேலை எத்தகையது என்பதை ஆட்சியாளர் நன்கு அறிந்திருந்தார்கள். 1818இல் வில்லியம் கியூபிற் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் வடிவமைத்த மிதிசக்கரம், கைதிகளை மணிக்கணக்காகப் படியேற்றித் தானியம் அரைக்கச் செய்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் வ. உ. சிதம்பரம்பிள்ளையைச் செக்கிழுக்க வைத்தார்கள். செக்கிழுத்த செம்மல் என்று இன்றும் அவரை வணங்குகிறோம், வணங்க வேண்டியதுதான். ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் ஒருவர், "அம்மியில அரைச்ச சம்பலின்ர ருசி மிக்ஸியில வராது" என்று சொல்லும்போதும், கைக்குத்தரிசி, கல்லுத் திரிகை மா என்று ஏங்கும்போதும், அந்த ருசிக்கு யாருடைய தோள் தேய்ந்தது என்று கேட்க என் நாக்கு துடிக்கும். ருசி உண்மை, மறுக்கவில்லை. அதைப் புகழ்பவர் ஒருநாளாவது உலக்கை பிடித்தவராக இருந்து நான் கண்டதில்லை.

அம்மம்மா மணமுடித்து வந்தபோது ஊரில் மில் இல்லை. அம்மா பாடசாலைக்குப் போன காலத்தில் சந்தியில் ஒன்று ஓடியது. இடையில் நீராலையும் இல்லை, காற்றாலையும் இல்லை, மாட்டாலையும் இல்லை. உலகம் ஈராயிரம் ஆண்டுகளாகப் படிப்படியாக ஏறிய ஏணியில், எங்கள் அடுக்களை கீழ்ப்படியிலிருந்து ஒரே தாவலில் டீசல் இயந்திரத்துக்கு வந்து சேர்ந்தது. நான் சிறுமியாகப் போய் நின்ற மில்லில், நீண்ட வார்ப்பட்டை ஒன்று கூரைத் தண்டிலிருந்து இறங்கிப் படபடத்துக்கொண்டிருக்கும். மேலே தகரக் கூம்பில் அரிசியைக் கொட்டினால், கீழே துணிக்குழாய் உப்பி, சூடான மா வாளிக்குள் விழும். மிளகாய் அரைத்த கையோடு மாவரைக்கக் கூடாதென்று பெண்கள் வரிசையில் முன்னே பின்னே மாறிச் சண்டை பிடிப்பார்கள். கொண்டுவந்த மாவை உடனே பாயில் பரப்பி ஆறவிட வேண்டும், இல்லாவிட்டால் கட்டிபட்டுவிடும். ஒருநாள் இயந்திரம் நின்றிருந்தபோது மூடியைக் கழற்றித் துடைப்பதைப் பார்த்தேன். உள்ளே வரிவரியாகப் புடைத்த இரண்டு இரும்புத் தட்டுகள். ஒன்று அசையாதது, ஒன்று சுழல்வது. நடுத்துளை வழியாகத் தானியம் புகுந்து விளிம்பில் உதிர்கிறது. திரிகையை நிமிர்த்தி நிறுத்தி இரும்பில் வார்த்திருந்தார்கள். வேறு எதுவும் மாறவில்லை, சுற்றுகிற கை மட்டும் மாறியிருந்தது.

நெல்லுக்குரிய இயந்திரம் வேறு வழியாக வந்தது. பிரேசிலைச் சேர்ந்த எவரிஸ்தோ கொன்றாடோ எங்கெல்பெர்க் 1880களில் உருவாக்கி, அமெரிக்காவின் சிரக்கியூசு நகரில் உற்பத்தியான உமிநீக்கி, நெல்லுண்ணும் நாடெங்கும் பரவிற்று. வரியோடிய இரும்பு உருளை ஒன்று கூட்டுக்குள் சுழல, பக்கத்தில் நிற்கும் இரும்பு அலகில் நெல் உராய்ந்து, உமியும் தவிடும் ஒரே ஓட்டத்தில் போய்விடும். அரிசி வெள்ளையாக வந்தது, நோயும் கூட வந்தது. 1890களில் யாவாவில் பணியாற்றிய ஒல்லாந்த மருத்துவர் கிறிஸ்தியான் எய்க்மன், தீட்டிய வெள்ளையரிசி தின்ற கோழிகள் கால் விழுந்து தள்ளாடுவதையும், தவிடு போகாத அரிசியைக் கொடுத்தால் தேறுவதையும் கண்டார். பெரிபெரி என்ற நோயின் வேர் அங்கே வெளிப்பட்டது. 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதில் எங்களுக்கும் ஓர் இடமுண்டு. யாழ்ப்பாணத்தவர் புகைவண்டிப் பகுதியிலும் கந்தோர்களிலும் வேலை தேடிச் சென்ற மலாயாவில், வெள்ளையரிசி உண்ட சீனச் சுரங்கத் தொழிலாளரைப் பெரிபெரி வாரிக்கொண்டு போக, புழுங்கலரிசி உண்ட தமிழரை அது பெரும்பாலும் தீண்டவில்லை என்பதை பிரடொன் என்ற மருத்துவர் கவனித்தார். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் 1905இல் வில்லியம் பிளெச்சர் இருவகை அரிசியையும் இரு பிரிவினருக்குத் தனித்தனியே கொடுத்துப் பார்த்து அதை உறுதிப்படுத்தினார். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது; அரிசியும் இறுகி, குற்றும்போது உடையாமல் தப்புகிறது. எங்கள் பாட்டிமார் நெல் அவித்தது உடையாமல் குற்றுவதற்காக. உயிர்ச்சத்து அதில் கிடைத்த கொசுறு.

கோதுமையும் கடைசியில் எங்களைத் தேடி வந்தது. 1870களில் புடாபெஸ்டில் தேர்ச்சி பெற்ற உருளை ஆலைகள், கற்களைக் கைவிட்டு, சோடி சோடியான இரும்பு உருளைகளுக்கிடையே கோதுமையைப் படிப்படியாகத் திறந்து, தவிட்டையும் முளையையும் முழுதாக ஒதுக்கின. முளையின் எண்ணெய் போனதால் மா நெடுநாள் கெடாதிருந்தது; கப்பலேறிற்று. கோதுமை விளையாத இந்தத் தீவில் அதை முதியவர்கள் அமெரிக்கன் மா என்றே அழைத்தார்கள். நாங்கள் அதை வெதுப்புவதற்கு மட்டும் விடவில்லை. துணியில் கட்டி நீராவியில் அவித்து, அரித்து, பிட்டாகவும் இடியப்பமாகவும் எங்கள் வழிக்குக் கொண்டுவந்தோம். 1980 முதல் திருகோணமலையில் பிரிமா ஆலை வெளிநாட்டுக் கோதுமையை அரைக்கிறது.

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டது. மின்சாரம் நின்றது, டீசலும் மண்ணெண்ணெயும் தடைசெய்த பொருட்களின் பட்டியலில் சேர்ந்தன. சந்தி மில் முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடியது, பின்னர் கிழமைக்கு ஒருநாள், பின்னர் எண்ணெய் கிடைத்தால் ஓடியது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஒருநாள் பின்னேரம் அம்மம்மா கோடிப்புறத்தில் கவிழ்ந்து கிடந்த திரிகையைப் புரட்டி, தேங்காய்ப் பொச்சால் தேய்த்துக் கழுவி, உக்கிப்போன முளைக்குப் பதிலாகப் பனங்கருக்கில் ஒன்று சீவிச் செருகினார். அவர் முகத்தில் மகிழ்ச்சி இருந்ததாக நினைவில்லை. "விட்டுப் போச்செண்டு இருந்தன் பிள்ளை" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஐந்தாண்டுகளில் நான் அறிந்துகொண்டவை எந்த நூலிலும் கிடைக்காதவை. ஒரு கொத்துக் குரக்கனை இரண்டு முறை போட்டு அரைத்து முடிப்பதற்குள் நிழல் கிணற்றுக்கட்டிலிருந்து மாமரத்தடிக்குப் போய்விடும். அதிகம் போட்டால் கல் மிதந்து குருணி குருணியாக வரும். குறைத்துப் போட்டால் கல்லோடு கல் உரசி மணக்கும். இருவர் எதிரெதிரே அமர்ந்து ஒரே கைப்பிடியைச் சேர்த்துப் பிடித்தால் பாரம் பாதியாவதில்லை, ஆனால் நேரம் போவது தெரியாது. அரிசி மா இடிக்க உரலுக்கு இரண்டு உலக்கை. மாறி மாறி விழ வேண்டும். ஒரு கணம் தவறினால் உலக்கையோடு உலக்கை மோதி கை நரம்புவரை அதிரும். சங்கப் பாடல்களில் பெண்கள் குற்றிக்கொண்டே வள்ளைப்பாட்டுப் பாடுகிறார்கள். அம்மம்மா பாடியதில்லை, கதைத்தால் மூச்சு வாங்கும் என்று எங்களையும் கதைக்க விடமாட்டார். ஒடியல் என்ற காயவைத்த பனங்கிழங்கை இடிக்கும் நாட்கள் மோசமானவை, தும்பு தும்பாகப் பிரிந்து, எத்தனை முறை அரித்தாலும் மீதி இருந்துகொண்டே இருக்கும். அதே ஒடியல் மாவில் இரவு காய்ச்சும் கூழுக்குக் குடும்பமே வட்டமிட்டு உட்காரும் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, இராணுவம் நெருங்கிவர, குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமம் முழுவதும் ஊரைவிட்டு நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. சைக்கிளில் அரிசி மூட்டை, தலையில் பாய், கையில் குழந்தை. கல்லைத் தூக்கிக்கொண்டு யாரும் ஓட முடியாது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது ஓடுகள் போயிருந்தன, கதவு நிலைகள் போயிருந்தன, கிணற்று வாளி போயிருந்தது. அம்மியும் ஆட்டுக்கல்லும் உரலும் வைத்த இடத்திலேயே இருந்தன. திரிகையின் மேற்கல் மட்டும் இரண்டாகப் பிளந்திருந்தது, எதனாலென்று தெரியாத ஒரு நேரான வெடிப்பு. அம்மம்மா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மின்சாரம் வந்து, மில் ஓடத் தொடங்கி, கிணற்றடிக்குச் சீமெந்து போட ஆள் வந்தபோது, அடிக்கல்லை அங்கே பதிக்கச் சொன்னவர் அவர்தான்.

அவர் போய் எட்டு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் பக்கத்துச் சைவச் சாவீடுகளில் சுண்ணம் இடிப்பது வழக்கம்: முற்றத்தில் உரல் வைத்து, மஞ்சள் முதலியவற்றை இட்டு, மாணிக்கவாசகரின் திருப்பொற்சுண்ணம் இருபது பாடல்களையும் ஓதுவார் பாடப் பாட உலக்கையால் இடிப்பார்கள். இறைவன் நீராடப் பொற்சுண்ணம் இடிக்கும் பெண்களின் பாட்டாக அவர் பாடியது, இங்கே இறந்தவரை நீராட்டும் பாட்டாகியிருக்கிறது. கோழி அடைக்கும் கூட்டுக்குப் பின்னாலிருந்து உரலை உருட்டிக் கொண்டுவந்து கழுவினோம். உலக்கை எங்களிடம் இல்லை. நாலு வீடு கேட்டு ஐந்தாம் வீட்டில் இரவல் வாங்கினோம், பூண் கழன்றிருந்தது. பேத்திகளில் இளையவளின் கையில் கொடுத்தார்கள். அவள் அதைத் தும்புத்தடி பிடிப்பதுபோல இரு கையாலும் மேலே பிடித்து, உரலின் விளிம்பில் இடித்தாள். அம்மா எழுந்து போய், அவள் கைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக நடுவில் வைத்துப் பிடித்து, தூக்கி விடு, தானாக விழட்டும் என்று காதருகே சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.